மூச்சுவிட்ட ஹாரன்

ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைப் பெரிதாக்குகிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தம் என்ன இட்லி மாவா, பொங்கிப் பெரிதாக? ஏரியில் தண்ணீர் நிற்கிறது. மதகைத் திருகித் தூக்குகிறவன் ஒற்றை ஆள். அவன் விரற்கடை தூக்கினால் விரற்கடைத் தண்ணீர் பாயும், முழம் தூக்கினால் முழத் தண்ணீர் பாயும். பாய்வது ஏரித் தண்ணீர். அவன் வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்தது இல்லை. மைக்கில் பேசுகிறவன் அந்த மதகுக்காரன். கரண்டோ பாட்டரியோதான் ஏரி. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அது வோல்ட், எவ்வளவு ஓடுகிறதோ அது ஆம்பியர். ஹாரன் ஸ்பீக்கரில் வந்து நம் காதைக் கிழிப்பது ஏரித் தண்ணீர்தான், மதகுக்காரன் கை எப்படி ஆடுகிறதோ அப்படி ஆடிக்கொண்டு வருகிறது. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய்ப் பெரிய படிப்பு வேண்டுமாம்.

பாயம்மாவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். செஞ்சி பஜாரில் மைக் செட் வாடகைக்கு விட்ட கௌஸ் பாஷாவின் வீட்டுக்காரி நான், பெயர் அசீசுன்னிசா. அவர் கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போய் ஹாரன் கட்டிவிட்டு வருவார். எரிந்துபோன காயிலை, அதாவது ஹாரனுக்குள் இருக்கிற கம்பிச் சுருளை, வீட்டில் உட்கார்ந்து சுற்றிச் சரிபண்ணுவது நான். எனக்கு ஒத்தாசையாக வந்துகொண்டிருந்தவள் மங்கை. அவள் புருஷன் கன்னியப்பன் எங்கள் ஆள். பனைமரமோ பாறையோ, ஹாரனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. சந்திரகிரி மலையடியில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து முடித்துத் தீயும் மிதித்துவிட்டார்கள். கோயில் வேப்பமரத்தில் ஒரு ஹாரன், மலையில் பாதித் தூரத்தில் ஒரு பாறையின் உச்சியில் இன்னொன்று. காட்டுவேலை செய்கிறவர்களுக்கும் பாரதம் கேட்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டுக் கட்டச் சொன்னது. தீமிதிக்கு மறுநாள் மதியம் கன்னியப்பன் அவற்றை அவிழ்க்கப் போனான். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் சாமான் வாங்க மெட்ராஸ் பஸ் ஏறினார். இருட்டிய பிறகும் கன்னியப்பன் வரவில்லை. இவரோடு சேர்ந்து அவனும் பஸ் ஏறியிருப்பான் என்று நானும் மங்கையும் பேசிக்கொண்டோம். முன்பும் இரண்டொரு தடவை அப்படிச் சொல்லாமல் போனவன்தான்.

மறுநாள் காலையில் பூசாரி அரங்கநாதன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"பாயம்மா, உங்க ஆம்ப்ளிய வந்து எடுத்துக்கினு போயிடுங்க. அது மூச்சு வுடுது."

"இன்னா வுடுது?"

"மூச்சு. வெள்ளிக்கெழம ஆச்சே, அம்மன் பாட்டு போடலாம்னு ஒயர எல்லாம் சொருவி சுவிச்ச போட்டேன். கரண்ட் இல்ல, பாட்டரிலதான் போட்டேன். பாட்டு வரல. மரத்து ஹாரன்ல மனுசன் மூச்சு வாங்கறாப்புல வருது. ஊரே கோயிலுக்கு வெளிய நிக்குது."

"எங்க ஆளுங்க இல்லாதப்ப ஒயர தொடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? அம்மன் வந்து பாட்டு கேட்டாளா?" என்று அவரை நாலு வாங்கு வாங்கிவிட்டு, மங்கையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோயிலுக்கு வெகுதூரம் முன்பாகவே அது எங்கள் காதில் விழுந்தது. காலை வெயிலில் ஊர் அப்படியே நின்றிருந்தது. கோழி மேய்கிறது, ஆடு கத்துகிறது, அதற்கெல்லாம் மேலே வேப்பமரத்திலிருந்து ஒரு மூச்சு. மெதுவாக இழுத்து, நின்று, பிறகு சன்னமான ஒரு விசிலோடு வெளியே வந்தது. மறுபடி இழுத்தது. நிற்கும்போதெல்லாம் கூட்டத்தில் நின்றவர்களும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தி வைத்திருந்தார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது.

ஆடு மேய்க்கிற ராஜாராம் என்னை மறித்தார். வயதான ஆள், அந்த மலை முழுக்க அவர் கால் பட்ட இடம்.

"கிட்ட போவாதம்மா. மலை கூப்டுது. தெரிஞ்ச கொரலுல பேர் சொல்லிக் கூப்டும். ஏன்னு கேட்டவன் வூடு திரும்ப மாட்டான். எங்க சித்தப்பன் அப்படித்தான் போனாரு."

"கூப்டட்டும். நான் பாட்டரி பாக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரே மாதிரி பிளக்கை மொத்தமாக வாங்கி, மைக் ஒயர், ஹாரன் ஒயர் எல்லாவற்றுக்கும் அதையே போட்டு வைத்திருந்தார். கன்னியப்பனுக்கு எது எங்கே என்று கைக்குத் தெரியும். பூசாரிக்குத் தெரியுமா? மலை ஹாரனின் ஒயரைக் கொண்டுபோய் மைக் ஓட்டையில் சொருகியிருந்தார்.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல" என்று கத்தினேன். "மலை ஹாரன் கேக்குது. மரத்து ஹாரன் சொல்லுது."

யாருக்கும் புரியவில்லை. ஹாரன் எப்படிக் கேட்கும் என்கிறார்கள். கூட்டத்தில் டெய்லர் சுந்தரமூர்த்தி நின்றிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் மெஷின மிதிச்சா இன்னா ஆவுது?"

"சக்கரம் சுத்தும்."

"மிதிக்காம, கையால சக்கரத்த சுத்தினா?"

"மிதி தானா ஆடும்."

"அதான். ஹாரனுக்குள்ள ஒரு காந்தம், ஒரு காயில், அதுல ஒட்டின தகடு. கரண்ட் போனா தகடு ஆடும், சத்தம் வரும். வெளிய இருந்து சத்தம் வந்து தகட்ட ஆட்டினா, அதே காயில்லேர்ந்து கரண்ட் வரும். துளியூண்டு வரும். மைக்குக்குள்ள இருக்கறதும் இதேதான். நீங்க வாயின்னு நெனச்சிக்கினு இருக்கறது காதும்தான்."

"துளியூண்டுன்ற, ஊரே அதிருதே" என்றார் ராஜாராம்.

"துளி மதகத்தான் தூக்குது. பாயறது பாட்டரி."

சுந்தரமூர்த்தி தலையை ஆட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்ட தோரணையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பூசாரி மெதுவாகக் கேட்டார்.

"சரி பாயம்மா. மலைமேல அந்த ஹாரன் பக்கத்துல மூச்சு வுடறது யாரு?"

இவ்வளவும் விளக்கிய நான் அதை யோசிக்கவில்லை. மரத்திலிருந்து மூச்சு இழுத்தது, நின்றது, விசிலோடு வெளியே வந்தது.

"அவருதான்க்கா" என்றாள் மங்கை. "மூக்குல விசில் வருது பாரு. தெனம் பக்கத்துல படுத்துக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஹாரனில் உதடு பிரிகிற ஓசை கேட்டது. "தண்ணி" என்றது. யாரையும் கேட்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

நேற்று மதியத்திலிருந்து அந்த மனுஷன் பாறைச் சூட்டில் கிடக்கிறான். சுந்தரமூர்த்தி கயிறும் தண்ணீர்க் குடமும் எடுத்துக்கொண்டு, தைரியமுள்ள நாலைந்து பேரோடு ஓடினான். மற்றவர்கள் அசையவில்லை. பிளக்கு, மெஷின் என்று பாயம்மா என்ன சொன்னாலும், மலை அப்படித்தான் குரல் மாற்றிப் பேசும் என்று ராஜாராம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அவனுங்க நேரா ஏற முடியாது. பின்பக்கமா சுத்திக்கினுதான் போவணும்" என்றார். "ஹாரன் கட்டின பாறைக்குக் கீழ ஒரு வரப்பு மாதிரி போவுது. ஆள் படுக்கற அகலம். அதத் தாண்டினா பள்ளம்."

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். துணி பாறையில் உரசுகிற ஓசை வந்தது. ஒரு முனகல். பிறகு சின்னக் கல் ஒன்று உருண்டது. ஒருதரம் மோதியது, இன்னும் கீழே மறுபடி மோதியது, அப்புறம் மோதவே இல்லை. மங்கை என் முழங்கையைப் பிடித்தாள்.

"நவுர்றாரு. அசையாதன்னு சொல்லணுங்கா. அவருக்குக் கேக்கறாப்புல சொல்ல முடியுமா?"

முடியும். ஆனால் மெஷினை மிதித்துக்கொண்டே சக்கரத்தைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்ற முடியாது. அந்த ஒரு ஒயரில் பேசினால் கேட்க முடியாது, கேட்டால் பேச முடியாது. மலை ஒயரைப் பிடுங்கி ஹாரன் ஓட்டைக்கு மாற்றினேன், மைக்கை மைக் ஓட்டையில் சொருகினேன். எவ்வளவு சத்தம் வைப்பது என்பதில்தான் குழப்பம். ஊர்க் குழாயில் முதல் வீட்டுக்குக் குடம் நிறையும், கடைசி வீட்டுக்குச் சொட்டும். அத்தனை நீள ஒயரும் வழியில் கரண்டைத் தின்றுவிடும், அதனால் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் அவன் காதுக்குப் பக்கத்திலேயே ஹாரன் இருக்கிறது, கூட்டினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான். குறைவாகவே வைத்தேன்.

"மயக்கத்துல கெடக்கறவன பேர் சொல்லிக் கூப்டணும்" என்றார் பூசாரி. "பேர்தான் உள்ள எறங்கும்."

மங்கை மைக்கைப் பார்த்தாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் எந்தச் சாதியிலும் மதத்திலும் கிடையாது. நானே இங்கே எழுதுகிறேனே தவிர, வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்த ஆள் கேட்டபோது கூட மங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைத்தான் சொல்லச் சொன்னாள். அந்த மங்கை, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கை வாயருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கன்னியப்பா."

மலை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கியது. பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். நான் ஒயரை மாற்றினேன்.

மூச்சு இல்லை. எதுவுமே இல்லை. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும் லேசாகக் கேட்டது. செத்துவிட்டானோ என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒளிந்துகொண்டிருப்பவன் பிடிக்கிற மாதிரி.

பிறகு ரகசியமாக ஒரு குரல். "அவ இல்ல. எம் பொண்டாட்டி எம் பேர சொல்ல மாட்டா. பேச மாட்டேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

துணி உரசியது. இந்தத் தடவை வேகமாக. மூச்சு வாங்குகிற ஓசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது. அவன் ஹாரனிடமிருந்து தப்பித்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தான். போகிற பக்கத்தில் பள்ளம். கற்கள் உருண்டன, ஒன்றன்பின் ஒன்றாக.

"ஐயோ, அம்மா" என்று பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மங்கை அழவில்லை. அவள் முகம் கல்லாகிவிட்டது.

"மாத்துக்கா" என்றாள்.

மாற்றினேன். அவள் மைக்கைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

"தே, பவுனு நைனா. எங்க போற நீ?" என்று ஆரம்பித்தாள். பவுனு அவர்கள் பெண் குழந்தை; அவளுடைய அப்பா என்று சொல்லித்தான் மங்கை புருஷனைக் கூப்பிடுவாள். "சோத்த ஆக்கி வச்சிட்டு எத்தினி நேரம் குந்திக்கினு இருப்பா ஒருத்தி? அந்தாண்ட போவாத. குந்தின எடத்துல குந்து. எங்க போனாலும் உனக்கு ஒரு எடத்துல கால் நிக்காது, உங்கம்மா வளத்த வளப்பு அப்படி. கூரை ஒழுவுதுன்னு போன வருசம் சொன்னேன், ஓல போட்டியா? பவுனு ரிப்பன் ரிப்பன்னு நேத்தெல்லாம் அழுவுது, தீமிதி கடையில வாங்கியாறேன்னு சொன்னியே, எங்க அது? வாங்கினியா, இல்ல அந்தக் காசையும் குடிச்சிட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டையா? கேக்கறேன்ல, சொல்லு."

வீட்டுச் சண்டை அத்தனையும் மலைமேல் போய் முட்டித் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் ஒயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டு வந்தது. பாட்டரி தீரப் போகிறது. ஏரி வற்றினால் மதகை எவ்வளவு தூக்கினாலும் ஒன்றும் வராது. யா அல்லா, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

உரசல் நின்றிருந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. ஒரு காக்கை கத்தியது. காற்று ஹாரனுக்குள் போய் ஊதியது. மங்கை வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"வாங்கலடி" என்றது மரம். குரல் தூரத்தில் இருந்தது, ஆனால் கோபமாக இருந்தது. "கடைய மூடிட்டான். வாங்கலன்னா வுடேன். எப்ப பாத்தாலும் தொணதொணன்னுக்கினு."

மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது, சொல்வதற்கென்ன. சுந்தரமூர்த்தி ஆட்களின் சத்தம் ஹாரனில் கேட்டபோது பாட்டரியில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. "புடிச்சிக்கடா, கால புடிச்சிக்க" என்பது வரைதான் கேட்டோம்.

கன்னியப்பன் பிழைத்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது, பாறைச் சூட்டில் முதுகு முழுக்கக் கொப்புளம். செஞ்சி ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவைத்தார்கள். எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். அவருக்குக் கவலை அதில் இல்லை. இவன் தூங்கமாட்டேன் என்கிறான். கண்ணை மூடினால் திடுக்கிட்டு எழுந்து வாசலைப் பார்க்கிறான். ஊசி போட்டாலும் தூக்கம் தங்குவதில்லை. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். மங்கை அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"பயந்துக்காதய்யா. அன்னிக்கு ஹாரன்ல பேர் சொன்னது பேய் இல்ல. நான்தான்."

"நீயா? எம் பேரயா?"

"ஊரே கேட்டுச்சு. அக்காவ கேளு."

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்றேன். அவன் முகம் இளகியது. இத்தனை நாளில் முதல்தடவையாகத் தலையணையில் தலையை முழுக்கச் சாய்த்தான்.

"பிளக்க நான்தானே புடுங்கிப் போட்டுட்டு ஏறினேன். அதான் ஹாரன்ல கொரலு வந்ததும் வேற இன்னாவோன்னு நெனச்சிட்டேன்" என்றான். "சரி வுடு. அப்போ மொத நாளு கூப்டதும் நீதானா?"

"மொத நாளா?"

"ஹாரன் கட்ட அவுத்துக்கினு இருந்தேனே, அப்ப. பின்னால, தோளு கிட்ட நின்னுக்கினு கன்னியப்பான்னு கூப்டியே. உங்கொரலு. ஏன்டின்னு திரும்பினேன், கால் போயிடுச்சு. அத நெனச்சாதான் எனக்குத் தூக்கம் வர மாட்டேன்து. சொல்லு, அதுவும் நீதானா?"

அந்த மதியம் மங்கை என்னோடு அனந்தபுரம் சந்தையில் இருந்தாள். புளி விற்கிறவனோடு நான் சண்டை போட, அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஆம்ப்ளிஃபயரில் அப்போது ஒரு ஒயர் கூடக் கிடையாது. ஏரியும் இல்லை, மதகும் இல்லை, எதுவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். செஞ்சியில் என் வாயை மூடவைத்த ஆள் அன்றுவரை யாரும் கிடையாது. மூடிக்கொண்டேன்.

"ஆமாய்யா" என்றாள் மங்கை. "அதுவும் நான்தான். சோறு எடுத்துக்கினு வந்தேன். நீ விழுந்தத பாக்கல. ஆள காணோமேன்னு திரும்பி வந்துட்டேன்."

"அடிப்பாவி" என்று அவன் ஆரம்பித்தான். இவளால்தான் விழுந்தான், இவளால்தான் கால் போனது, எந்தப் பொம்பளையாவது பாறை உச்சியில் நிற்கிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவாளா, பெயர் சொல்லிக் கூப்பிட இவளுக்கு என்ன கொழுப்பு. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "தப்புதான்யா, தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டு மெதுவாகக் குளறிக்கொண்டே வந்து நின்றது. மூக்கில் அந்த விசில் கேட்டது. கன்னியப்பன் தூங்கிவிட்டான்.

நான் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு மங்கையின் கையைப் பிடித்தேன். சித்திரை வெயிலில், அந்தக் கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.